மூன்றாம் ஓலை

எங்கள் கோயிலில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமென்றால், அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். பெயர்தான் ஓலை. பங்குத்தந்தை கையில் வைத்திருப்பது கோடு போட்ட தாள். இன்ன ஊர் இன்னாருடைய மகனும் இன்ன ஊர் இன்னாருடைய மகளும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள், இது முதல் அறிவிப்பு, தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசிப்பார். சின்ன வயதில், யாராவது எழுந்து நிற்பார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். யாரும் எழுந்ததில்லை. போகப் போக அந்த வாக்கியம் பஸ்ஸில் எழுதியிருக்கும் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' போல ஆகிவிட்டது. எல்லோரும் படித்திருப்போம், யாருக்கோ சொன்னது என்று நினைத்துக்கொள்வோம்.

அது எனக்குச் சொன்னதாக ஆன வருடத்தைப் பற்றி எழுதுகிறேன். அரியலூரைத் தனி மாவட்டமாக்கிப் பலகையெல்லாம் மாட்டி, அடுத்த வருடமே மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த சமயம். நான் பெரம்பலூரில் பார்மசி டிப்ளமோ படித்துவிட்டு, அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து தினமும் முக்கால் மணி நேரம் பஸ். ஞாயிறுகளில், முதல் பூசை முடிந்ததும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பேன், அதாவது வேதபாடம்.

அந்த வருடப் பாடம் ஒழுக்கவியல். மனச்சான்று என்றால் என்ன, சுதந்திரம் எங்கே முடிந்து பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அதில் இருந்தது. ஒரு செயல் நல்லதா என்று தெரிய மூன்று கேள்வி கேட்கச் சொன்னது புத்தகம். செய்த காரியம் என்ன? எந்த நோக்கத்தில் செய்தது? எந்தச் சூழ்நிலையில்? மூன்றும் சரியாக இருந்தால்தான் செயல் நல்லது. ஒன்று பிசகினாலும் போயிற்று. எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. மருந்துச் சீட்டை வாங்கியதும் நான் பார்ப்பதும் இதே மாதிரிதான். மருந்து சரியா, அளவு சரியா, ஆள் சரியா. பட்டியல் போட்டுப் பார்க்க முடிகிற எதுவும் கைக்கு அடங்கிவிடும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு என் தோழி பாடம் எடுத்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. பத்தாவதோடு நின்று தையல் கற்றுக்கொண்டு, வீட்டில் மெஷின் போட்டிருந்தாள். அவளுக்குத்தான் மாப்பிள்ளை அமைந்திருந்தது. ஜெயங்கொண்டம் பக்கத்து ஊர். அரியலூரில் சிமெண்ட் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. நிச்சயதார்த்தம் அவர்கள் ஊரில், வேலை நாளில் நடந்ததால் நான் போகவில்லை. அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வீட்டில் கூப்பிடும் பெயரைத்தான் சொல்வாள். எங்கள் ஆட்களுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாண ஓலை, கல்லறை, இந்த நான்கு இடத்தில்தான் முதல் பெயர் வெளியே வரும்.

முதல் ஓலை வாசித்த அன்று அவள் பூசைக்கு வரவில்லை. ஓலை வாசிக்கிற பூசைக்கு மணப்பெண் வருவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. பாடகர் குழுவுக்குப் பின்னால், எனக்குப் பக்கத்தில், அவள் இடம் காலியாக இருந்தது. பங்குத்தந்தை மாப்பிள்ளையின் ஞானஸ்நானப் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஊரையும் வாசித்தார். அந்த மூன்றையும் அதே வரிசையில் நான் எழுதியிருக்கிறேன் என்று என் கைக்கு முதலில் தெரிந்தது. எங்கள் கடையில் சில மருந்துகளுக்கு ரெஜிஸ்டர் உண்டு. தேதி, டாக்டர் பெயர், நோயாளி பெயர், தகப்பனார், ஊர், மருந்து. மாதம் தவறாமல் முதல் வாரத்தில் வந்து வலிப்பு மாத்திரை வாங்கிப் போகிறவர் அவர். திருச்சி டாக்டருடைய சீட்டு. ஜெயங்கொண்டத்தில் இல்லாத மருந்தில்லை. அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும், அதனால் எங்கள் கடைக்கு வருகிறார் என்று முன்பே ஊகித்திருந்தேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்து, மறைக்கல்வி நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் சொல்ல வேண்டும், வலது பக்கம் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டும் என்பதற்கு, அவள் என் தோழி. யாரோடு வாழப் போகிறோம் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு. அவர் புதிதாக பைக் வாங்கியிருக்கிறார், கல்யாணம் முடிந்ததும் முதல் பயணம் அதில்தான் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு என்று பேசி வைத்திருக்கிறார்கள். நான்காவது, 'கடமைப்பட்டிருக்கிறார்கள்.' வலது பக்கத்தில், கடையில் தெரிந்தது கடையோடு. வலிப்பு ஒரு நோய், குற்றமல்ல. நான் ஒருத்தியிடம் சொன்னால் அது ஒருத்தியோடு நிற்காது, அவருக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு பெண்ணும் கிடைக்காது. நான்காவது, அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

இரண்டு பக்கமும் நான்கு நான்கு. என் பட்டியல்கள் அதற்கு முன் இப்படிச் சமமாக வந்து நின்றதில்லை.

கடைக்குப் போனதும் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். கடைசியாக அவர் வாங்கியது நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம். அதன் பிறகு இரண்டு மாதம் வரி இல்லை. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்று முதல் வருடத்திலேயே படித்தது. வேறு கடையில் வாங்குகிறாரா, நிறுத்திவிட்டாரா, தெரியவில்லை. நோட்டை எடுத்து இடது பக்கத்தில் ஐந்தாவதாக 'இரண்டு மாதமாக மாத்திரை வாங்கவில்லை' என்று எழுதினேன். ஒரு பக்கம் கனத்துவிட்டதில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பங்குத்தந்தையைப் பார்க்கப் போனேன். இளவயதுக்காரர், வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கோயில் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஃபாதர், ஒருத்தருக்கு ஒடம்புல ஒரு நோய் இருந்தா அது கல்யாணத்துக்குத் தடையா?"

"யாருக்கு?"

"பொதுவா கேக்கறேன், ஃபாதர்."

"பொதுவா யாரும் பொதுவா கேக்க மாட்டாங்கம்மா." ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுத்தார். "நோய் தடையில்ல. மறைச்சுக் கட்டிக்கிறதுதான் தப்பு. ஒனக்கு எப்படித் தெரியும்? வேலையில தெரிஞ்சதா?"

தலையாட்டினேன்.

"அப்ப எங்கிட்டயும் பேரச் சொல்லாத."

"பின்ன என்னா ஃபாதர் செய்யறது?"

"அதத்தான் நானும் யோசிக்கறேன்" என்றார். பிறகு, "இதுல எங்கயோ எர்த் அடிக்குது" என்றார். ஆம்ப்ளிஃபயரைச் சொன்னார்.

சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது, தோழி ஜாக்கெட் அளவு சரிபார்க்க வரச் சொல்லியிருந்தாள் என்று அவள் வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்கு எனக்கு அவளே தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் நாலு குண்டூசியை வைத்துக்கொண்டு என் தோளை அளந்தவள், ஊசிகளை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏ புள்ள, அவரு ஆபீஸ் ஒங்க கடைக்கிட்டதான இருக்கு. ஒரு நாளும் பாத்ததில்லியா?"

"பாத்திருக்கேன்னு நெனக்கிறேன்."

"எப்பிடி ஆளு? எங்க வூட்ல எல்லாம் நல்ல பையன் நல்ல பையன்னே சொல்லுதுங்க. நல்ல பையன்னா என்னா, கொம்பா மொளச்சிருக்கு? நீ சொல்லு. ஒன்னயத்தான் நம்புவேன்."

என் வாயில் குண்டூசி இல்லை. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"மரியாதையாத்தான் பேசுவாரு. வந்தா அவசரப்படுத்த மாட்டாரு. வரிசைல நிப்பாரு."

"அப்படியா?" அவள் முகம் மலர்ந்தது. "கோவக்காரரா இருப்பாரோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்டி. போதும். இது போதும் எனக்கு."

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வழியெல்லாம் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். அவள் வரவில்லை, நான் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பின் மறைக்கல்வி. பாடம் எட்டாவது கட்டளை, பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக. உண்மை பேசுவது என்றால் என்ன என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள், வாயாடி.

"மிஸ், எங்க அக்காவுக்கு பக்கத்து வூட்டு போன்ல கால் வரும். பிடிக்காதவங்கன்னா வெளில போயிருக்கான்னு என்னயச் சொல்லச் சொல்லும். பொய் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். ஒடனே வாசப்படியத் தாண்டிப் போயி வெளில நின்னுக்கிட்டு, இப்ப சொல்லுடி, உண்மைதானேங்குது. இது பொய்யா, உண்மையா மிஸ்?"

வகுப்பே சிரித்தது. ஒருத்தி, "ஒங்க அக்கா மோட்சத்துக்கும் வாசப்படி வரைக்கும்தான்டி போவும்" என்றாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு விடை வேண்டும்.

காரியம், நோக்கம், சூழ்நிலை என்று கரும்பலகையில் எழுதினேன். காரியம், உண்மையான வாக்கியம். நோக்கம், கேட்பவர் தவறாக நம்ப வேண்டும் என்பது. இரண்டாவதில் தோற்றுவிட்டது. "அப்ப பொய்தான் மிஸ்" என்று அந்தப் பெண் அவளாகவே முடிவு செய்து உட்கார்ந்துகொண்டாள். பலகையை அழிக்கும்போது, முந்தின நாள் தோழியிடம் நான் பேசியது ஞாபகம் வந்தது. சொல்லக் கூடாது என்று மௌனமாக இருந்திருந்தால் அது ஒன்று. நான் மௌனமாக இருக்கவில்லை. நானும் வாசப்படியைத் தாண்டி வெளியே போய் நின்றுகொண்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மதியம் அவர் கடைக்கு வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஒரு அம்மாள் பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போல அவர் பின்னால் ஒதுங்கி நின்றார். அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சட்டைப் பையில் பத்திரிகைக் கவர்கள் துருத்திக்கொண்டிருந்தன. என் நோட்டில் இரண்டு பக்கமும் இவர் பெயர் பல தடவை வருகிறது. தடையாக, ரகசியமாக, பைக்காக. வாங்காத மாத்திரையைக்கூட இவருக்கு எதிராகத்தான் எழுதினேன். இந்த இரண்டு மாதத்தில் இவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று ஒரு வரிகூட இல்லை. மருந்து சரியா, அளவு சரியா என்று பார்க்கிறவள், ஆளை விட்டுவிட்டிருந்தேன்.

அந்த அம்மாள் போனதும், "தலவலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்றார்.

"ஒங்க மாத்திரை வாங்கி ரெண்டு மாசமாச்சுங்க. வேற எங்கயாச்சும் வாங்கறீங்களா?"

"இல்லிங்க. நிறுத்தியாச்சு."

"டாக்டர் சொன்னாரா?"

"அம்மாதான் சொன்னாங்க. மூணு வருஷமா வரலியே, இனிமே எதுக்குன்னு. கல்யாண வூட்ல யாராவது அட்டையப் பாத்துட்டா…" முடிக்கவில்லை.

"வராம இருந்ததே மாத்திரையாலதாங்க. இப்பிடிப் பட்டுன்னு நிறுத்துனா முன்னயவிட மோசமா வரலாம். வண்டி வேற ஓட்டறீங்க."

"வண்டி வாங்குனது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"நீங்க எந்த ஊரு?"

சொன்னேன். "ஓலை கேட்டேங்க. ரெண்டும்."

கண்ணாடி மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லுவீங்களா?"

"மாட்டேன். அது ஒங்களோடது. நீங்கதான் சொல்லணும்."

"சொல்லாட்டி?"

"தெரியலிங்க" என்றேன்.

"நாளக்கழிச்சு மூணாம் ஓலை. இப்ப வந்து இப்பிடிச் சொன்னா பயமுறுத்துற மாதிரி இருக்கு."

அது சரிதான் என்று பட்டது. எச்சரிக்கைக்கும் மிரட்டலுக்கும் நடுவே எத்தனை விரற்கடை இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. "அது வேற, இது வேறங்க" என்றேன். "நாளைக்குக் காலைல மொத பஸ்ஸப் புடிச்சு திருச்சி போயி டாக்டரப் பாருங்க. விட்டத மறுபடி எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு அவருதான் சொல்லணும். அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க. கல்யாணம் நடந்தாலும் நடக்காட்டியும் நீங்க நல்லா இருக்கணும்ல."

"நடக்காட்டியும்னு எவ்வளவு சாதாரணமா சொல்றீங்க" என்று லேசாகச் சிரித்தார். தலைவலி மாத்திரையையும் வாங்காமலே போய்விட்டார். அவர் போன பிறகு பார்த்தேன், கண்ணாடியில் இரண்டு கையின் ஈரமும் பதிந்திருந்தது. துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பங்குத்தந்தை அறிவிப்புத் தாளை எடுத்தார். தெருவாரியாகக் கூடும் அன்பியக் கூட்டம் எங்கே, கோயில் பெருக்கும் முறை யாருக்கு என்று வாசித்தார். தாளை மடித்து வைத்துவிட்டார். மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. பெண்கள் பக்கம் முழுக்க முக்காடுகள் அசைந்தன. முன்வரிசையில் இருந்த தோழியின் அம்மா மட்டும் பீடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. என் ஜாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

"நேத்து பொழுது சாய வந்தாரு. எங்கப்பா, அம்மா, நானு, எல்லாரும் இருக்கயில அவரே சொன்னாரு. திருச்சிலேர்ந்து நேரா வர்றேன்னாரு. ஒங்க கடைன்னும் சொன்னாரு."

"ம்."

"அன்னிக்கு நான் கேட்டப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"சொல்லக் கூடாதுன்னா சொல்லாம இருந்திருக்கலாம்ல? எனக்குத் தெரியாதுடி, என்னயக் கேக்காதன்னு சொல்லியிருக்கலாம்ல? நீ பொய் சொல்லியிருந்தாக்கூட பரவால்ல. ஒனக்குப் பொய் வராது, மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சிருப்பேன். உண்மையச் சொல்லி ஏமாத்திட்ட."

பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் அப்பா சம்மதிக்கவில்லை. தவக்காலம் பிறந்தது. எங்களுக்கு அந்த நாற்பது நாளும் கல்யாணம் கிடையாது, அதனால் முடிவு சொல்லவும் யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர் மாதம் தவறாமல் கடைக்கு வந்தார். நடந்து வந்தார். நான் ரெஜிஸ்டரில் எழுதினேன், இருவரும் வேறு பேசவில்லை. அவள் ஒன்பதாம் வகுப்பை முடித்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடுவாள். ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்கு எல்லோரையும்போல நானும் போனேன். சொல்ல வேண்டிய பாவங்களின் பட்டியலில் முதல் வரி அந்தச் சனிக்கிழமைதான். அவரைப் பற்றிச் சொல்லாமல் இருந்ததை நான் பாவமாக எழுதவில்லை. இன்றைக்கும் எழுத மாட்டேன். ஆனால் அவர் திருச்சிக்குப் போகாமல் இருந்திருந்தால், மூன்றாம் ஓலையை நான் வாயை மூடிக்கொண்டு கேட்டிருப்பேனா என்பதற்கு மட்டும் என்னிடம் இன்னும் விடை இல்லை. அந்தக் கேள்வியை எந்தப் பக்கம் எழுதுவது என்றும் தெரியவில்லை.

ஈஸ்டர் கழிந்த இரண்டாம் ஞாயிறு, பூசை தொடங்கிப் பாதிப் பாட்டில் பக்கத்து இடத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பினால் அவள். முக்காடு நெற்றிவரை இறங்கியிருந்தது. அறிவிப்பு நேரத்தில் பங்குத்தந்தை கோடு போட்ட தாளை எடுத்ததும்தான், அப்பாவை இணங்க வைத்துவிட்டாள் என்றும் எதற்கு வந்திருக்கிறாள் என்றும் புரிந்தது. தன் ஓலையைத் தானே கேட்க வந்த பெண்ணை எங்கள் கோயில் அன்றுதான் பார்த்தது. முன்வரிசை முழுக்கத் திரும்பியது.

இன்ன ஊர் இன்னாருடைய மகனும் இன்ன ஊர் இன்னாருடைய மகளும் என்று வாசித்தார். இது மூன்றாம் அறிவிப்பு என்றார். தடை ஏதேனும் அறிந்தவர்கள் என்று தொடங்கும்போது அவள் முழங்கையால் என்னை இடித்தாள்.

"இருந்தா இப்பயே சொல்லிடு."

"ஒண்ணும் இல்லடி."

"முழுசா சொல்றியா? இல்ல, வரிசைல நிப்பாரு, மரியாதையா பேசுவாருன்னு ஏதாச்சும் பாக்கி வெச்சிருக்கியா?"

"டாக்டர் சொல்ற வரைக்கும் வண்டிய ஓட்ட விடாத" என்றேன்.

"தெரியும். சாவி எங்கிட்டதான் இருக்கு. நான் கத்துக்கிட்டிருக்கேன்."

"அந்த வண்டியவா?"

"வேற எதுல ஏலாக்குறிச்சி போறது? நேத்து களத்துல ஓட்டிப் பாத்தேன், கியர்தான் விழ மாட்டேங்குது. பேசாம பூசையப் பாரு புள்ள, எல்லாரும் நம்மளயே பாக்கறாங்க."